உன் முன்னுரைக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். அம்மா உடம்புக்குக் குறைவில்லை, என் மூட்டுவலியும் நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்கு மேல் எழுதப்போவது சுகமான சேதியில்லை, அதனால் முதலில் சாப்பிட்டுவிட்டு வா. உன் கடிதம் வந்த பிறகு இரண்டு கப்பல் மெட்ராஸுக்குப் போய்விட்டது, அப்பா பதில் போடவில்லை என்று கோபப்பட்டிருப்பாய். நீ கேட்டதும் பெரிய காரியமில்லை. மொழிபெயர்த்த புத்தகம் அச்சுக்குப் போகிறது, முன்னுரையில் அம்மா வழித் தாத்தாவைப் பற்றி எழுதப் போகிறேன், அவர் போட்டோ ஒன்று அனுப்புங்கள், யுத்தத்தில் ஜப்பான்காரன் நம் தீவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அவர் பட்டதை அம்மாவிடம் கேட்டு நாலு வரி எழுதுங்கள் என்றாய். ஹேடோ வார்ஃபில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டை எண்ணுகிறவனுக்கு நாலு வரி எழுதவா தெரியாது என்றுதான் நானும் உட்கார்ந்தேன். அந்த நாலு வரி என்னை எங்கெங்கோ கொண்டுபோய் நிறுத்திவிட்டது. தை மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் இது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ லீவில் வந்திருந்தபோது அந்த யூதக் குடும்பத்துக் கதையை எங்களுக்கு வாசித்துக் காட்டினாயே, அங்கிருந்து தொடங்குகிறேன். இந்தக் கடிதத்தை நாளைக்கு உன் வீட்டுக்காரி படித்தாலும் புரிய வேண்டும், அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். ஐரோப்பாவில் ஒரு சின்ன ஊர். யூதர்களைப் பிடித்துக்கொண்டு போகிற காலம். ரொட்டி சுடுகிற ஒருவர், அவருக்குப் பெண்டாட்டி, கைக்குழந்தை. அவருடைய சித்தப்பா பிள்ளைகள் குடும்பத்தோடு ஒரு நிலவறையில் ஒளிந்திருக்கிறார்கள். இடம் ரொட்டிக்காரருக்கு மட்டும் தெரியும். சிப்பாய்கள் வந்து கேட்கிறார்கள், அவர் சொல்லிவிடுகிறார். ஒளிந்திருந்தவர்கள் ஒருத்தரும் திரும்பவில்லை. யுத்தம் முடிந்து இவர் வேறு தேசம் போய்க் கடை வைக்கிறார். தன் பாஷையைப் பிள்ளைக்குச் சொல்லித்தரவே இல்லை. தெரிந்தால் கேள்வி கேட்கும் அல்லவா? அந்தக் கைக்குழந்தைதான் வளர்ந்து இந்தப் புத்தகத்தை எழுதியவள். அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு, ராத்திரிப் பள்ளிக்கூடம் போய் அவர் பாஷையைக் கற்றுக்கொண்டாள். அவள் எழுதியது இங்கிலீஷில். நீ அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தாய். உன் ஏட்டுத் தமிழ் அம்மாவுக்கு எட்டவில்லை என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து ஹிந்தியில் சொன்னேன்.

எப்படிச் சொன்னேன் என்பதுதான் விஷயம். நீ வாசித்தது பத்து வரி என்றால் நான் சொன்னது இரண்டு வரி. வார்ஃபில் கேப்டன் இங்கிலீஷில் திட்டுவதைக் கூலிக்காரர்களுக்கு நான் ஹிந்தியில் சொல்வேனே, கெட்ட வார்த்தையெல்லாம் எடுத்துவிட்டு, சண்டை வராதபடி, அந்தப் பழக்கம். சோகமான இடமெல்லாம் நறுக்கிவிட்டேன். போதாததற்கு நடுவில் கொஞ்சம் தமாஷ். ரொட்டிக்காரர் இடத்தைச் சொல்லிவிட்டார், அவரை விட்டுவிட்டார்கள் என்ற இடம் வந்ததும், "நம்ம மாமனார் மாதிரி ஆளு, வீடு வந்து சேந்துட்டான்" என்றேன். அம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை. ஸ்டவ் பற்றவைக்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய். அவளுக்கு உன் தமிழ் அலுத்துப்போச்சுடா என்று அதற்கும் ஒரு தமாஷ் சொன்னேன்.

அந்த மாமனார் தமாஷ் என் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் பிறந்தது. உன்னைவிட மூத்தது. அம்மா வீட்டார் யுத்தத்துக்கு முன்பே இங்கே வேர்விட்ட லோக்கல்காரர்கள், வீட்டில் பேசுவது ஹிந்தி. நானோ ராமநாதபுரத்திலிருந்து கான்ட்ராக்டரோடு கப்பலேறி வந்தவன். மெயின்லேண்டிலிருந்து வந்த எங்களுக்கெல்லாம் ஜப்பான்காரன் என்றால் கேட்ட கதை. குட்டையாக இருப்பான், வாள் வைத்திருப்பான், அவ்வளவுதான். தாத்தா கரண்ட் ஆபீஸில் லைன்மேன். விளக்கை ஆட்டி இங்கிலீஷ்காரன் விமானத்துக்குச் சைகை காட்டினான் என்று அவரைப் பிடித்துப் போனார்கள், அடித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள், இவ்வளவு எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு நான் ஜோடித்தது இது: "ஜப்பான்காரன் பிடிச்சிட்டுப் போய்த் திரும்ப வீட்ல விட்ட ஒரே ஆளு எங்க மாமனார்தான். அவனுக்கு என்னத்தைக் குடுத்தாரோ தெரியல, எனக்கு வரதட்சணை குடுக்க ஒண்ணும் மிச்சமில்ல." நல்ல சிரிப்பு வரும். வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்வேன், கேண்டீனில் சொல்வேன், உன் காதுகுத்துக்கு வந்த கூட்டத்தில் தாத்தாவை வைத்துக்கொண்டே சொன்னேன். அவர் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மனுஷன் ரசிக்கிறார் என்று நினைத்தேன். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

இன்னொன்று உனக்கே ஞாபகம் இருக்கும். பத்துபஸ்தியில் தாத்தா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கி, பின்பக்கத் தென்னந்தோப்பு வழியாகச் சேற்றில் மிதித்துத்தான் போவோம். நேர் வழியில் போனால் கிஷன் வீட்டைத் தாண்ட வேண்டும். கிஷன் நம் வார்ஃபில் கிரேன் ஓட்டுகிறவர். அவர் அப்பாவை ஊரில் மாஸ்டர்ஜி என்பார்கள், பள்ளிக்கூட வாத்தியார், அவரையும் ஜப்பான்காரன் கொண்டுபோனான், அவர் திரும்பவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஏதோ வேலித் தகராறு போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். தாத்தா செத்துப்போன பிறகும் அம்மா தோப்பு வழிதான். நீ போன லீவில் சைக்கிளில் போனாய், நீயும் தோப்பு வழிதான். தார் ரோடு இருக்கும்போது ஏன்டா என்றேன். பழக்கம்ப்பா என்றாய். ஒரு வீட்டில் பேசாமல் விட்டது பிள்ளையின் காலில் இறங்கி நடக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. உன் புத்தகக்காரிக்குத் தெரிந்திருக்கிறது.

உன் கடிதத்தை நான் பெருமையாகத்தான் அம்மாவுக்கு வாசித்தேன். உங்கப்பா படம் புத்தகத்தில் வரப்போகுது, சித்திரவதையைத் தாங்கின வீரர் என்று பிள்ளை எழுதப் போறான் என்றேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. போட்டோ கிடையாது என்றாள். டிரங்குப் பெட்டியில் இருக்கிறதே என்றேன். கிடையாது என்றாள் மறுபடியும். மீனைக் கழுவி, மஞ்சள் தடவி மூடி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தவள், நீ விட்டுப்போன டைப் அடித்த பிரதியை எடுத்து வரச் சொன்னாள். அந்த ரொட்டிக்காரர் சொன்ன இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். ஹிந்தியில், நிதானமாக, ஒன்றும் விடாமல்.

விடாமல் என்று சொன்ன பிறகும் நான் விட்டேன், தம்பி. அந்தச் சிப்பாய் குழந்தையின் காலைப் பிடித்து ஜன்னலுக்கு வெளியே தலைகீழாகத் தொங்கவிடுகிற வரி. ஒரு தாயிடம் அதை எப்படிச் சொல்வது என்று தாண்டிவிட்டேன். அவள் பிரதியைப் பார்க்கக்கூட இல்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"சுனோ ஜி, கேளுங்க, நடுவுல ஒண்ணை விட்டுட்டீங்க" என்றாள். "சும்மா அடிச்சதுக்கு அவர் சொல்லியிருக்க மாட்டார். என்னத்தைக் காட்டினாங்க?"

வாசித்தேன். வேறு வழியில்லை. வாசித்து முடித்ததும் அவள் தன் கதையைச் சொன்னாள். எத்தனையோ வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, ஐரோப்பாவில் யாரோ ஒரு ரொட்டிக்காரர் குழந்தையின் காலைப் பிடித்துத்தான் என் பெண்டாட்டி என்னிடம் பேச வேண்டியிருந்தது. அப்போது அவளுக்கு எட்டு வயது. தாத்தா அடிக்கெல்லாம் வாய் திறக்கவில்லை, சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை, அவர் விளக்கு எதையும் ஆட்டவில்லை. கூட யார் என்று கேட்டார்கள். யாருமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பிறகு வீட்டுக்கு ஆள் அனுப்பி இவளைக் கூட்டிப்போய் அவர் முன்னால் வெயிலில் நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய் இவள் பின்னலைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேறு ஒன்றும் செய்யவில்லை, பிடித்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான். தாத்தா இவளைப் பார்த்தார், பிறகு மாஸ்டர்ஜி பெயரைச் சொன்னார். பக்கத்து வீட்டு மாஸ்டர்ஜி. இவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். ஒரு குற்றமும் செய்யாதவர். வாய்க்கு முதலில் வந்த பெயர் அது என்று தாத்தா பின்னால் உன் பாட்டியிடம் அழுததைத் தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு இவள் கேட்டிருக்கிறாள். அதோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். உங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேனே, அது இதனால்தான்.

"எனக்காகத்தானே சொன்னார்" என்றாள் அம்மா. அது கேள்வியா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. உன் புத்தகத்திலும் அந்தப் பெண் பாஷை கற்று வந்து அப்பாவிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதானே, எனக்காகவா சொன்னீர்கள் என்று? அவர் ரொட்டியை அவள் பக்கம் தள்ளி, சாப்பிடு என்றார். எனக்கு அதுகூடச் சொல்லத் தோன்றவில்லை. அவனுக்கு என்னத்தைக் குடுத்தாரோ, அவனுக்கு என்னத்தைக் குடுத்தாரோ என்று என் குரலே எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. கூட இன்னொன்றும் ஞாபகம் வந்தது. வார்ஃப் கேண்டீனில் அந்தத் தமாஷைச் சொன்ன நாட்களில், டீ கிளாஸோடு கிஷனும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு தடவை இல்லை. அவரும் சிரித்திருக்கிறார்.

மறுநாளிலிருந்து நான் வேலைக்குப் போனால் கிரேனை நிமிர்ந்து பார்ப்பதில்லை. மேலேயிருந்து அவர் என் வழுக்கையைப் பார்த்திருப்பார். முன்னுரையில் தாத்தாவை எழுத வேண்டாம் என்று உனக்கு ஒரு வரி போட்டுவிட்டு இதை அப்படியே மூடிவிடலாம் என்றுதான் என் புத்தி போனது. மூடுவதில் நான் சமர்த்தன். அம்மாவிடம் அப்படியே சொன்னேன். ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, பெட்டிப் புடவையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள், பத்துபஸ்திக்குப் போகணும் என்றாள். என்னால் நேராகச் சொல்ல வராது, நீங்கள் இதைப் படியுங்கள், அது சொல்லட்டும் என்றாள். பஸ்ஸில் ஒரு ஸ்டாப் தள்ளி இறங்க நான் பழக்கத்தில் உட்கார்ந்தே இருந்தேன். அவள் முன்னாலேயே எழுந்து இறங்கிவிட்டாள்.

கிஷன் வாசலில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்து நாற்காலி போட்டார். அவருடைய தாயார் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார், காது கொஞ்சம் மந்தம். என் பிள்ளை ஒரு கதையைத் தமிழில் எழுதியிருக்கிறான், இவள் உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்கிறாள் என்று உளறினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேர் வந்து யூதர் கதை வாசிக்கிறோம் என்றால் யாராவது சிரிப்பார்கள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் தமிழைப் பார்த்து ஹிந்தியில் சொல்லிக்கொண்டே போனேன். நிலவறை, சிப்பாய், ஜன்னல், குழந்தையின் கால், எதையும் விடவில்லை. எனக்குத் தெரிந்த ஹிந்தி வார்ஃப் ஹிந்தி. மூட்டை, கயிறு, தூக்கு, இறக்கு. அதை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் இதைச் சொன்னேன் தம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். ரொட்டியைத் தள்ளி, சாப்பிடு என்ற இடத்தில் நிறுத்தினேன்.

கிஷன் எண்ணெய்த் துணியை மடித்துக் கீழே வைத்தார். பிறகு என்னிடம் கேட்டார். "அந்தப் பொண்ணு, ஒளிஞ்சிருந்தாங்களே, அவங்க வீட்டுக்குப் போய்ச் சொன்னாளா?"

அந்த வீட்டில் ஒருத்தரும் மிஞ்சவில்லை, சொல்வதற்கு யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறாள் என்றேன்.

"இங்கே நான் இருக்கேனே, தீதி" என்றார் அம்மாவைப் பார்த்து, அக்கா என்கிற முறையில்.

அம்மா சொன்னாள். நான் கேட்டதைவிடக் குறைவான வார்த்தைகளில் சொன்னாள். மாஸ்டர்ஜி பெயரைச் சொல்லும்போது மட்டும் உள்ளே கட்டில் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். கிஷன் எழுந்து அடிக்கவில்லை, அழவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. உங்களுக்கு அப்ப எத்தனை வயசு என்று கேட்டார். எட்டு என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். எனக்குப் பாதி முன்பே தெரியும் என்றார். உங்க அப்பா வாழ்நாள் பூரா எங்க வாசல் வழியா வரவே இல்லை, தோப்பு வழியாத்தான் போவார், ஒரு மனுஷன் இத்தனை வருஷம் சேத்துல நடக்கிறார்னா சும்மா நடப்பாரா என்றார். ஒளிந்து நடந்ததிலேயே எல்லாம் தெரிந்திருக்கிறது பார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். கேண்டீனில் நான் சொல்வதைப் பற்றித்தான் என்று எனக்கு முதல் வார்த்தைக்கு முன்பே தெரிந்துவிட்டது.

"பாயி சாப், நீங்க தெரிஞ்சுகிட்டே என்னை வெச்சுச் சொல்றீங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். கையில டீ இருந்துச்சு, மூஞ்சில ஊத்தலாம்னு இருந்தேன். அப்புறம் நீங்க சிரிச்சதைப் பாத்தேன். அது தெரியாதவன் சிரிப்பு. சரி, நாமளும் சிரிச்சு வைப்போம்னு சிரிச்சேன்."

செருப்பால் அடித்திருந்தால் பிறகு தடவிக்கொள்ள ஒரு இடமாவது இருந்திருக்கும். நான் அவர் கையைப் பிடித்தேன், அவர் பிடிக்கவும் இல்லை, உதறவும் இல்லை. கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன் நீ, அதனால் எழுதுகிறேன். நான் கலகலப்பானவன் என்று ஊரே சொல்லும், நீயும் சொல்லியிருக்கிறாய். வருகிற பெண் உன் வீட்டில் ஏதாவது ஒரு பேச்சுக்கு எழுந்து உள்ளே போனாளென்றால், அதற்கு மேல் சிரிக்க வைக்கப் பார்க்காதே. பின்னாலேயே போய் நில். அடுப்பு பற்றவைக்கிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடு. நான் காது கொடுக்காததால் உன் அம்மா இத்தனை காலம் எட்டு வயசுப் பிள்ளையாகவே தனியாக நின்றிருக்கிறாள், நான் தின்ற பூனை மாதிரி அவள் பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விட்டிருக்கிறேன். அவளிடமும் இதைச் சொன்னேன். போதும், மீன் வாங்கிட்டு வாங்க என்றாள்.

இப்போது உன் முன்னுரைக்கு வருகிறேன். தாத்தா வீரர் இல்லை. கெட்டவரும் இல்லை. அவரைப் பற்றி எழுதினால் மாஸ்டர்ஜியைப் பற்றி எழுதாமல் முடியாது, மாஸ்டர்ஜியைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று சொல்ல எனக்கும் உனக்கும் அம்மாவுக்கும் உரிமை இல்லை. அதைக் கிஷனிடமே கேட்டேன். உள்ளே படுத்திருக்கிற தாயாருக்கு யார் பெயர் சொன்னார்கள் என்பது தெரியாது, அது ஒன்று என்றார். இன்னொன்று, அந்தப் புத்தகம் முழுக்க என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும், கடைசியில் அந்தப் பெண் அப்பாவை என்ன பண்ணினாள் என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வேன் என்றார்.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஹேடோவுக்கு வருகிறார். நம் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் உட்காருகிறார். நான் வாசிக்கிறேன். அம்மா டீ வைக்கிறாள், அவர் குடிப்பதில்லை. அடுத்த வாரமும் வைக்கிறாள். போன வாரம் கிளாஸைக் கையில் எடுத்தார், சூட்டைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். சில இடங்களில் அவர் நிறுத்தச் சொல்கிறார், தன் அப்பா எப்படி நடப்பார், பிரம்பை எங்கே சொருகியிருப்பார் என்று ஏதாவது சொல்கிறார். அம்மாவுக்கும் ஏதோ ஞாபகம் வருகிறது. மாஸ்டர்ஜி சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்தால் காதைத் திருகுவார் என்று சொல்லி, சொன்ன பிறகு பயந்து போய் வாயை மூடிக்கொண்டாள். எனக்கும் திருகினார் என்றார் கிஷன். அதோடு அன்றைக்கு வாசிப்பு நின்றுவிட்டது. இப்படிப் போனால் எப்போது முடியும் என்று தெரியவில்லை. நான் அவசரப்படுத்துவதும் இல்லை. பக்கம் தீர்ந்துவிட்டால் அந்த வராந்தாவில் மூன்று பேரும் எதை வைத்துக்கொண்டு உட்காருவது என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அச்சாபீஸ்காரர் அவசரப்பட்டால், என் அப்பா எட்டாம் கிளாஸ், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், இன்னும் முடிக்கவில்லை என்று சொல்.

அப்பா